பன்னீர் வீட்டுக் குழாய்

போன மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீரில் குளோரின் துணைப்பொருள்கள் அளவு மீறியிருப்பதாக எழுதிக் கொடுத்த, அங்கே வேலை பார்த்த என் அக்காவை, தண்ணீர் நிலைய மேலாளர் ஆய்வகத்திலிருந்து விரட்டினார். "பாட்டிலக் கழுவத் தெரியாதவ" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அதன்பின் அக்கா வேறெங்கும் வேலை கேட்கவே கூசினாள். தான் அனுப்பும் தண்ணீர் பன்னீர் என்று அந்த மேலாளர் பீற்றிக்கொள்வதால் தெருவில் அவருக்குப் பன்னீர் என்றே பெயர்.

மாலை வகுப்பில் நான் வேதியியல் சேர்ந்தது அவர் மூக்கை உடைக்கத்தான். கிருமியைக் கொல்லப் போடும் குளோரின், தண்ணீரில் ஊறிய இலைமக்கோடு சேர்ந்து உண்டாக்குபவையே அந்தத் துணைப்பொருள்கள். நாள்பட்டால் உடம்புக்கு ஆகாது. அவை காற்றில் பறந்துவிடாதபடி தெருக்குழாயில் குமிழியில்லாமல் விளிம்புவரை பிடித்து வகுப்பு ஆய்வகத்தில் சோதித்தேன். என்மேல் நம்பிக்கையில்லாமல் மறுபடியும் பிடித்தேன். இரண்டு தடவையும் அளவு மீறியிருந்தது.

குடியிருப்போர் கூட்டத்தில் சொன்னேன். மேசைமேல் தன் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்த பன்னீர் சிரித்தார்.

"அக்காளுக்கேத்த தங்கச்சி! எங்க வீட்டுக்கும் இதே தண்ணிதாம்மா வருது. நானே புடிச்சுத் தரேன், பாரு."

கூடத்துக்குப் பின்னால்தான் அவர் வீடு. அவர் போய்க் கொண்டுவந்ததில் கொஞ்சம் ஊற்றிச் சோதனை மாத்திரை போட்டேன். குளோரின் இருந்தால் சிவக்கும். சிவக்கவில்லை. மாத்திரை பழசோ?

"என்னம்மா, மாத்திரை போடவும் தெரியலையா?"

கூடத்துக் குழாயில் பிடித்து இன்னொன்று போட்டேன். பளிச்சென்று சிவந்தது. அப்போதுதான் உறைத்தது: கரி வடிகட்டி குளோரினையும் பிடிக்கும், துணைப்பொருள்களையும் பிடிக்கும்.

"சார், வீட்டுல பில்டர் எப்ப மாட்டினீங்க?"

"அது... வீட்டுக்காரம்மா ஆசைப்பட்டா."

"எப்பன்னுதான் கேட்டேன்."

"போன மழைக்குத்தான்," என்றார் நிலையத்தின் பம்புக்காரர், வெள்ளந்தியாக. "அக்கா வேலையை விட்டுப் போன மறுநாள். நாந்தானே மாட்டிக் குடுத்தேன்!"

கூடம் கொந்தளித்தது. அக்கா எழுந்து வந்து அவர் பிடித்துத் தந்த பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் கழுவியிருக்கீங்க, சார்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அக்காவை மறுபடி வேலைக்கு எடுக்கச் சொல்லிச் சங்கத் தலைவி அங்கேயே எழுதத் தொடங்கினார். பன்னீர் தலை நிமிரவில்லை. எனக்கு இரக்கம் வருமா என்று பொறுத்துப் பார்த்தேன். வரவில்லை.

இன்னொரு மாத்திரையைப் பிரித்தேன்.

"சார், நீங்க குடிக்க மேசைமேல வெச்சிருக்கிற அந்த பாட்டிலையும் கொஞ்சம் குடுங்க."