குடத்தில் விழுந்த சிவப்பு

என் மாமனார் சிவசைலத்துக்கு ஒரு வியாதி உண்டு. நெல்லை டவுனில் உள்ள எங்கள் பாத்திரக்கடையில் எந்தக் குடத்தைக் கையில் எடுத்தாலும், தோளில் கிடக்கும் சிவப்புத் துண்டால் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டுத்தான் ஆளுக்கு நீட்டுவார்.

கல்யாணமாகி வரும்போது அப்பா வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த கம்ப்யூட்டர் அவருக்கு ஆகாது. தொண்ணூற்றாறு தீபாவளிக்கு உள்ளூர் கேபிள் டிவியில் கடை விளம்பரம் போடலாம், படம் நானே வரைகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"படத்துல குடம் குடம் மாதிரியே இருந்தா இந்தக் கம்ப்யூட்டர் பொட்டி இங்கன இருக்கட்டும். இல்லைன்னா உங்க அப்பா வீட்டுக்கே அனுப்பிரு" என்றார்.

அந்தக் கம்ப்யூட்டரில் மொத்தமே பதினாறு நிறம். எவர்சில்வர் என்றால் சாம்பல்தானே? திரையில் கட்டம் கட்டமாகச் சாம்பலை அடைத்து, நடுவில் கொஞ்சம் வெள்ளை வைத்தேன்.

மாமா எட்டிப் பார்த்தார். "ஏளா சங்கரி, இது அலுமினியம்லா!"

பாத்திரக்கடை மருமகளை இதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது. அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கடையிலிருந்து ஒரு குடத்தை எடுத்துவரச் சொல்லி, கம்ப்யூட்டர் பக்கத்தில் ணங்கென்று வைத்தேன். உற்றுப் பார்த்தால், பாவிக் குடத்தில் சாம்பலே இல்லை! ஜன்னல் வெள்ளையாக விழுந்திருந்தது. அதை ஒட்டியே கதவு கன்னங்கரேலென்று. கழுத்தில் வானத்து நீலம். எதிரே என்ன இருக்கிறதோ அதுதான் அதன் நிறம். வயிற்றில் மட்டும் கோணலாக ஒரு சிவப்பு. திரும்பினேன். பெட்டி எப்போது கிளம்பும் என்று மாமா பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

இருந்ததை இருந்தபடியே வைத்தேன். வெள்ளையை ஒட்டிக் கறுப்பு வந்ததும் குடம் பளிச்சென்று மின்னிவிட்டது. கடைசியாக வயிற்றில் ஏழெட்டுச் சிவப்புக் கட்டங்கள்.

விளம்பரம் வந்த அன்று வீடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. குடம் வந்தது. மாமா எழுந்து டிவி பக்கத்தில் போனார். துண்டை எடுத்தார். டிவி கண்ணாடிமேல் தெரிந்த குடத்தின் வயிற்றைத் துடைத்தார்.

"குங்குமக் கையோட யாரு தொட்டா? துடைக்காமலா படம் போட்டீய?"

இன்னும் அழுத்தித் துடைத்தார். போகவில்லை.

"அது குங்குமம் இல்ல மாமா. நீங்கதான். உங்க துண்டு."

துண்டைப் பிடித்தபடியே குனிந்து பார்த்தார். என் வீட்டுக்காரர் கணேஷ்ராம் சிரிப்பை அடக்கமாட்டாமல் உள்ளே ஓடிவிட்டார்.

"மூக்கு எங்க?"

"மூக்குக்குக் கட்டம் பத்தல மாமா."

அந்த மனுஷன் துண்டை உதறித் தோளில் நேராகப் போட்டுக்கொண்டார்.

"அப்போ நாளைக்கு அண்டாவ வரை தாயி. அதுல இடம் இருக்கும்லா."