அறுபத்தோரு தவலைகள்

வாசகர் கடிதங்கள் ஒரு கட்டு வந்திருக்கின்றன, எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று தங்கை போனில் சொன்னதும், ஒற்று ஐயா முகச்சவரம் செய்து, சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கூடத்து நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்துவிட்டார்.

“கடுதாசி படிக்கறதுக்கு எதுக்குங்க சட்டை?” என்றாள் மனைவி.

“நாலு பேரு நம்ம வீட்டைப் பத்திப் பேசப்போறாங்க. அதைப் பனியனோட உக்காந்து கேக்கச் சொல்றியா?”

ஒற்று ஐயா என்பது நாளிதழ் அலுவலகத்தில் அவருக்கு விழுந்த பெயர். முப்பத்து நான்கு வருஷம் அங்கே மெய்ப்புப் பார்த்தவர். ஒரு ‘க்’ விட்டுப்போனால்கூட நான்கு மாடி இறங்கிப்போய், ஓடுகிற இயந்திரத்தை நிறுத்தச் சொல்வார். அவருடைய அப்பா அதற்கும் மேலே. தன் கல்யாணப் பத்திரிகையையே சிவப்பு மையால் திருத்தி வருங்கால மாமனாருக்குத் திருப்பி அனுப்பியவர். கல்யாணம் நடந்ததற்கு அந்த மாமனாரின் பெருந்தன்மைதான் காரணம். இந்த வீட்டிலிருந்து பிழை வெளியே போகாது என்பதுதான் அந்தக் குடும்பத்தின் ஒரே சொத்து. அதை ஒற்று ஐயா கட்டிக் காத்தார்.

தங்கை பல் டாக்டர். வாயைப் பூட்டிக்கொண்டு உட்காரும் பிள்ளைகளை வழிக்குக் கொண்டுவர மாயக் கதைகள் சொல்ல ஆரம்பித்தவள். ஒவ்வொரு கதையும் ஒரு பல்லை அடைத்து முடிக்கிற நீளம். ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒன்று வாயைத் திறக்கும். மலை திறக்கும், கிணறு திறக்கும், பூதம் திறக்கும். அந்த இடம் வந்ததும் நாற்காலியில் இருக்கிற பிள்ளையும் தன்னை மறந்து ‘ஆ’ என்று திறந்துவிடும். அப்படிச் சேர்ந்த பன்னிரண்டு கதைகள் ‘வாய் திறந்த மலை’ என்ற புத்தகமாக வந்து மூன்று மாதம் ஆகிறது. முதல் பக்கத்தின் பின்னால் ‘மெய்ப்பு: என் அண்ணன்’ என்று ஒரு வரி. பெயரைவிட அந்த உறவு அவருக்குப் பெருமையாக இருந்தது.

தங்கை வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சிரிப்பு.

“அண்ணா, பதினோரு மணிக்கு எனக்கு ஒரு கடைவாய்ப்பல் காத்திருக்கு. சீக்கிரம் படிங்க. அண்ணி, நீங்களும் உக்காருங்க.”

முதல் கடிதம் ஒரு பேருந்து ஓட்டுநருடையது. ‘மலை வாயைத் திறந்த இடத்தில் எங்கள் டிப்போ கேட் நினைவுக்கு வந்தது. அதுவும் லேசில் திறக்காது. எல்லாக் கதையிலும் உசத்தி தவலை இளவரசன்.’

ஒற்று ஐயா முகத்தைச் சுளித்தார். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, ‘தவலை’யில் இருந்த ‘ல’வை அடித்து ‘ள’ போட்டார்.

“படிக்கத் தெரிஞ்ச மனுஷன். தவளைக்கு எந்த ளகரம்னு தெரியல பாரு.”

தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அடுத்த கடிதத்தைப் பிரித்துவிட்டார். அது ஒரு பள்ளி ஆசிரியை எழுதியது. ‘ஆறாவது கதையில் பூதம் மிகவும் நல்லவனாக இருப்பதாகக் குழந்தைகள் புகார் செய்கிறார்கள். அவர்களுக்குக் கெட்ட பூதம் வேண்டுமாம். தவலை இளவரசனை நாடகமாகப் போட்டோம். இளவரசனாக நடித்த வகுப்புத் தலைவியின் தலையில் தவலை மாட்டிக்கொண்டு, சோப்பு நுரை போட்டுக் கழற்ற வேண்டியதாயிற்று.’

பேனா பாதி வழியில் நின்றது.

“தலையில எப்படித் தவளை மாட்டும்?” என்றார் ஒற்று ஐயா.

மூன்றாவது கடிதம் நான்கு பக்கம். யாரோ நிறையப் படித்தவர். ‘தண்ணீர் எடுக்க உதவும் பாத்திரமே தண்ணீருக்காகக் குளத்தில் குதிப்பது எவ்வளவு நுட்பமான கற்பனை! தவலை தொண்டை உப்பக் கத்தியது என்ற வரியில், கொதிக்கும் நீரின் ஓசையைத்தான் ஆசிரியர் குறிக்கிறார். அது குதித்துக் குதித்து அரண்மனைப் படியேறும்போது, எழுதப்படாத டணார் டணார் என்ற ஓசை என் காதில் கேட்டது. நாற்பத்தோராம் பக்கத்தில், விவரம் தெரியாத சமையல்காரன் இளவரசனையே அடுப்பில் ஏற்றிவிட்டானே என்று நான் பதறிப்போனேன்.’

ஒற்று ஐயா எழுந்துபோய் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தார். அச்சான பிறகு அவர் அதைத் திறந்ததே இல்லை. பார்க்க வேண்டியதை அச்சுக்கு முன்னால் பார்த்தாகிவிட்டது, பின்னால் பார்ப்பது தன்னையே சந்தேகப்படுவது என்பது அவருடைய கொள்கை. முப்பத்தாறாம் பக்கத்தைத் திறந்தார். ‘மந்திரவாதி கோலை ஓங்கினான். இளவரசன் தவலையாக மாறினான்.’ அடுத்த பக்கம் தவலை. அதற்கடுத்த பக்கம் தவலை. குளத்துப் பிராணி ஒன்றுகூட மிச்சமில்லை. கதை முழுக்கத் தண்ணீர்ப் பாத்திரம், அகன்ற வாயைத் திறந்துகொண்டு துள்ளித் திரிந்தது.

“இது... உனக்குத் தெரியுமா?”

“புத்தகம் வந்த அன்னிக்கே பாத்தேனே. நீங்கதான் மாத்தியிருக்கீங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன்” என்றாள் தங்கை. “தவளை ஊர்ல எல்லாரும் எழுதறது. ஒரே எழுத்தை மாத்திக் கதையையே தூக்கி நிறுத்திட்டாரேன்னு ராத்திரி எங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே?”

“உங்ககிட்டயா? கேட்டா, ‘அண்ணன் போட்ட எழுத்தையே கேள்வி கேக்கறியா’ன்னு நிக்க வச்சுத் திட்டுவீங்க. நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன்.” அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். “சாயங்காலம் நாலு மணிக்கு நூலகத்துல வாசகர் கூட்டம். தவலை யோசனை உங்களோடதுன்னு மேடையில சொல்லப்போறேன். இதே சட்டையைப் போட்டுக்கிட்டு வாங்க.”

வாசல்வரை போய் வழியனுப்புகிறவர் அன்றைக்கு நாற்காலியைவிட்டு எழவில்லை. மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். நாற்பது வருஷமாகப் பார்க்கிற முகம்.

“நீங்க மாத்தலை, அப்படித்தானே?”

“அந்த அச்சகத்துல எழுத்துக் கோக்கிற பொண்ணு வேலை. இரு, போய் ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வரேன்.”

அச்சகம் இரண்டு தெரு தள்ளி. வெயிலில் குடைகூட இல்லாமல் நடந்தார். பதிப்பாளர் பின்னறையில் தாள் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். கணினியில் எழுத்துக் கோக்கிற பெண் இவரைக் கண்டதும் சட்டென்று எழுந்து நின்றாள். அவர் புத்தகத்தை மேஜைமேல் வைத்து, முப்பத்தாறாம் பக்கத்தில் விரலை ஊன்றினார்.

“யார் கைங்கரியம் இது?”

அவள் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி அவர் முன்னால் வைத்தாள். நாற்பத்தோராம் பக்கத்தின் மெய்ப்பு. பாம்புக்குப் பயந்து தவளை சமையலறைக்குள் ஒளிகிற இடம். ‘அடுப்பின் மேல் பெரிய தவளை கொதித்துக்கொண்டிருந்தது’ என்று தங்கை கைதவறி எழுதியிருந்தாள். அதைப் பார்த்து அன்றைக்கு அவர் குலை நடுங்கியது இப்போது நினைவுக்கு வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், நிமிர்ந்த கையெழுத்தில் அவரே எழுதியிருந்தார்: ‘தவளை அன்று, தவலை. எல்லா இடத்திலும் கவனிக்க.’

“எல்லா இடத்திலும்னு போட்டிருந்தீங்க ஐயா. ஒரே அழுத்துல மாத்திட்டேன். அறுபத்தோரு இடம்.”

“குளத்துல தவலை எப்படிம்மா நீந்தும்? உனக்குச் சந்தேகமே வரலையா?”

“வந்துச்சு ஐயா.”

“அப்புறம்?”

“போன புத்தகத்துல ஒரு சந்தேகம் கேட்டேன். ‘முதல்ல இலக்கணம் படிச்சுட்டு வா’ன்னு சொல்லிட்டீங்க. இந்தத் தடவை ரெண்டாவது ப்ரூஃப் அனுப்பட்டுமான்னு சார் கேட்டதுக்கு, ‘என் கண்ணுக்கு ஒரு தடவை போதும்’னு சொல்லிட்டீங்க.”

தான் சொன்னதுதான். வார்த்தைக்கு வார்த்தை சரியாகச் சொல்கிறாள். ஒற்று ஐயா தாளை மடிக்காமல் திருப்பி வைத்தார்.

பதிப்பாளர் உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். “விடுங்க ஐயா. அந்தத் தவலையாலதான் ரெண்டாம் பதிப்பே போடறோம். உங்க யோசனைன்னே இருக்கட்டும். யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே” என்றார் ஒற்று ஐயா.

வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தார். தங்கை மேடையில் புகழ்ந்து, ஊர் கைதட்டி, தான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது பச்சைப் பொய். எழுந்து சொன்னால், பழைய அலுவலகத்து ஆட்கள் முன்வரிசையில் இருப்பார்கள், அப்பாவின் பெயரும் சேர்ந்து கப்பலேறும். நாற்பத்தோராம் பக்கத்து ஒன்றைக் கழித்தாலும், மெய்ப்புப் பார்க்கிற வீட்டில் அறுபது பிழை! மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“வயித்துவலின்னு சொல்லிப் படுத்துக்கங்க. நான் போய்ப் பாத்துக்கறேன்.”

“பிழைக்கு மேல பொய்யா?” என்று சீறினார். பிறகு குரல் இறங்கியது. “சட்டை கசங்கியிருக்கான்னு பாரு.”

நூலகத்தின் வாசிப்பறையில் மேஜைகளை ஓரமாகத் தள்ளி, அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள். அத்தனையும் நிரம்பியிருந்தது. வாசகர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். நாலு பக்கம் எழுதியவர் ஐந்தாம் பக்கத்தையும் கொண்டுவந்திருந்தார். மின்சார வேலை செய்கிற ஒருவர், மூடி போட்டுவிட்டால் இளவரசன் மூச்சுக்கு என்ன செய்வான் என்று கேட்டார். அதற்குப் பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள், “மூடிதாங்க அவனோட கிரீடம். இதுகூடவா புரியல?” என்று அதட்ட, அறையே சிரித்தது. சோப்பு நுரை போட்டுக் கழற்றப்பட்ட வகுப்புத் தலைவியும் வந்திருந்தாள். காதோரம் இன்னும் கொஞ்சம் சிவந்திருந்தது. அதை எல்லாருக்கும் திரும்பித் திரும்பிக் காட்டினாள்.

தங்கை ஒலிவாங்கியைப் பிடித்தாள். “எல்லாரும் தவலையைத்தான் சொல்றீங்க. அது என் யோசனை இல்லை. அதோ உக்காந்திருக்காரே என் அண்ணன், அவரோடது.”

கைதட்டல் எழுந்தது. பழைய அலுவலகத்து ஆள் ஒருவர், “ஒற்று ஐயாவுக்குக் கற்பனைகூட வருமா!” என்று சத்தமாகவே ஆச்சரியப்பட்டார். ஒற்று ஐயா எழுந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று கைதட்டல் இன்னும் கூடியது. அது அடங்கும்வரை விறைப்பாக நின்றார்.

“என் தங்கச்சி சொன்னது சரியில்லை. தெரியாம சொல்லிட்டா, அவமேல குத்தமில்ல. நான் தெரிஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தா குத்தம். தவலை யோசனை இல்லைங்க. பிழை. தவளைன்னு இருக்க வேண்டிய அறுபது இடத்துல தவலைன்னு வந்திருக்கு. என் திருத்தத்தால வந்தது. ரெண்டாவது தடவை பாக்காம விட்டதும் நான்தான்.”

எழுத்துக் கோக்கிற பெண் சுவரோரமாக நின்றிருந்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

“ஐயா, மொத தப்பு நாப்பத்தோராம் பக்கத்துல டாக்டரம்மா...”

“நீ சும்மா இரும்மா” என்று அவளை அடக்கினார். “எழுதறவங்க கை தவறும். அதைப் பாக்கத்தான் என்னைப் போட்டது.”

தங்கை அவரையே பார்த்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கு மெதுவாக உறைத்தது. முதலில் கண் கலங்கியது. அப்புறம் அடுப்பில் கொதிக்கிற தவளை மனக்கண்ணில் வந்துவிட்டதோ என்னவோ, ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“அப்போ நான்தான் தவளையைக் கொதிக்க வச்சேனா! அண்ணா, அதைச் சொல்லவே மாட்டீங்களா?”

“வீட்டு விஷயத்தை மைக்ல பேசாதே.”

அவ்வளவுதான், கூட்டம் வெடித்துச் சிரித்தது. பேருந்து ஓட்டுநர் எழுந்தார். “ஐயா, நான் இருபது வருஷமா வண்டி ஓட்டறேன். ஒரே ஒரு நாள் ரூட் மாறிப் போயிட்டேன். அன்னிக்குத்தான் பஸ்ல இருக்கறவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிட்டாங்க. அடுத்த பதிப்புல திருத்திடுவீங்களா?”

“திருத்தக் கூடாது!” என்று வகுப்புத் தலைவி நாற்காலிமேல் ஏறி நின்றாள். “தவளைன்னா நான் நடிக்க மாட்டேன். அது வழவழன்னு இருக்கும்.”

பதிப்பாளர் தங்கையைப் பார்த்தார். தங்கை அண்ணனைப் பார்த்தாள். “எழுதினவ நான். எனக்குத் தவலைதான் வேணும். ஆனா நீங்க ஒத்துக்காம வேண்டாம்.”

ஒற்று ஐயாவுக்குப் பிழையை அச்சில் விட்டுப் பழக்கமில்லை. சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தங்கை பக்கம் திரும்பினார். “இருக்கட்டும். ஆனா மெய்ப்புன்னு போட்ட வரியிலேருந்து என்னை எடுத்துடு.”

“அண்ணன்ங்கற வார்த்தையை எடுக்கச் சொல்றீங்களா? மாட்டேன்.”

“அப்போ கதைக்கு முன்னால ஒரு குறிப்பு வரணும். நான் எழுதித் தருவேன். ஒரு எழுத்துக்கூடக் குறையக் கூடாது.”

இதற்குக் கிடைத்த கைதட்டல் முந்தியதைவிடப் பலமாக இருந்தது. இந்தத் தடவை அவர் தலையை லேசாக ஆட்டி அதை வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை அச்சகத்துக்குப் போய்க் குறிப்பை அவரே படித்துச் சொல்ல, அந்தப் பெண் தட்டினாள்: ‘இந்தக் கதையில் வரும் தவலை, தவளையாக இருந்திருக்க வேண்டும். பிழை மெய்ப்பாளருடையது. வாசகர்கள் விரும்பிக் கேட்டுக்கொண்டதால் திருத்தப்படவில்லை.’

அச்செடுத்த தாளை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். பிறகு, தனக்கே கொஞ்சம் கூச்சமாக, அதை அவள் பக்கம் நகர்த்தினார்.

“நீயும் ஒரு தடவை பாரும்மா. புத்தகத்துல வேற எங்கயாவது சந்தேகம் இருந்தாலும் கேளு.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மேஜை இழுப்பறையைத் திறந்து, ஏற்கெனவே எழுதி வைத்திருந்த ஒரு சீட்டை எடுத்தாள்.

“ஏழு இருக்கு ஐயா.”

“ஏழா?” என்றவர், நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “சரி, முதல்ல எந்தப் பக்கம்?”