ஆயிரத்து நூறு பவுண்டு

கொதிகலனின் மூடியைத் திறந்ததும் நீராவி கொட்டகை முழுக்கப் பரவியது. எதிரில் நிற்பவளின் முகம்கூடத் தெரியவில்லை. கூடை கூடையாக வெந்த கிராஃபிஷ் இரும்பு மேசைமேல் வந்து கொட்டியது. சேற்றில் பிடிபடுகிற ஜாதி; உடம்பு இறால், கொடுக்கு நண்டு, குணம் இரண்டையும்விட மோசம். வெளியே இன்னும் விடியவில்லை. வயல் தண்ணீரில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.

கிராஃபிஷ் உரிப்பது ஒரு வேலையா என்று எங்கள் முதலாளி மிஸ்டர் டட்லி கேட்பார். அவர் ஒன்றையாவது உரித்து நான் பார்த்ததில்லை. தலையைத் திருகி இழுக்க வேண்டும். வாலின் முதல் இரண்டு வளையத்தைக் கட்டைவிரலால் பிளந்து, நுனியைக் கிள்ளினால் சதை முழுசாக வரும். முதுகு நரம்பை உருவி எறிந்துவிட்டுச் சதையைச் சட்டியில் போட வேண்டும். ஆறவிட்டால் ஓடு சதையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் விரல் வேகும்போதே உரித்தாக வேண்டும். ஓட்டு முள் கையுறையைக் கிழித்துக்கொண்டு நகக்கண்ணில் ஏறும். எலுமிச்சையும் வினிகரும் போட்டுக் கழுவினாலும் வாடை போகாது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் எங்கள் வரிசைக்குப் பின்னால் யாரும் உட்கார மாட்டார்கள்.

சட்டி நிறைந்தால் தராசுக்குப் போக வேண்டும். அங்கே டட்லியின் மைத்துனி கார்லீன் நோட்டோடு உட்கார்ந்திருப்பாள். "எவ்வளவு?" என்பாள். நாங்கள் கையில் தூக்கிய கனத்தை வைத்தே எடையைச் சொல்வோம். அப்புறம்தான் அவள் தராசைப் பார்ப்பாள். முக்கால்வாசி சரியாக இருக்கும். அது எங்கள் கொட்டகையின் வழக்கம், எங்கள் கெத்தும்கூட.

இப்படி வாழ்ந்து வாழ்ந்து எங்களுக்கு எல்லாமே பவுண்டாகிவிட்டது. நாளுக்கு முப்பது பவுண்டு சதை உரிக்கிற மந்தமானவளை முப்பதுக்காரி என்போம். கைவேகக்காரியை ஐம்பதுக்காரி என்போம். மாலையில் கடைத்தெருவில் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்பதில்லை. "இன்னிக்கு எவ்வளவு, ஷா?" என்றுதான் கேட்போம். எங்கள் பக்கத்தில் பிரியமானவர்கள் எல்லோருமே ஷாதான்.

வெர்லி எங்கள் ஐம்பதுக்காரி. மேசையில் எனக்கு இடப்பக்கம் அவள் இடம். கணவன் போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளைகள் வடக்கே. சர்க்கரை வியாதிக்காரி, தினம் இன்சுலின் ஊசி போட்டால்தான் நடமாட்டம். அந்த ஊசியை அவளுக்குக் கொடுத்து வந்தது, ஏழைகளின் வைத்தியத்துக்கு அரசாங்கம் தருகிற மெடிக்கெய்டு அட்டை. டட்லி எங்களுக்குக் கொடுக்கிற காப்பீடு, வாசலில் தொங்கும் மாதா படம் ஒன்றுதான்.

இந்த வருஷம் புதுச் சட்டம் வந்தது. உடம்பு தெம்பாக இருக்கிறவர்கள் மாதம் எண்பது மணி நேரம் உழைத்ததாகக் காட்டினால்தான் அட்டை. சோம்பேறிகளை வடிகட்டுகிறார்களாம். தொலைக்காட்சியில் அதைக் கேட்டு நாங்களே தலையாட்டினோம். சோம்பேறி என்றால் வேறு யாரையோ சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தோம்.

அட்டைக்காகப் போனில் கணக்குச் சொல்ல வெர்லியின் முறை வந்தபோது சாப்பாட்டு நேரம். கைப்பேசியைச் சத்தமாக வைத்து, கவிழ்த்த சட்டிமேல் வைத்தாள். மொத்தக் கொட்டகையும் சுற்றி நின்றது. பேசியது மனுஷி இல்லை, இயந்திரம். தேன் மாதிரிக் குரல்.

"கடந்த மாதம் நீங்கள் செய்த வேலையின் மொத்த அளவைச் சொல்லுங்கள். எண்ணை மட்டும் சொன்னால் போதும்."

வெர்லி எங்களைப் பார்த்தாள். "ஆயிரம் இருக்குமா?"

"ஆயிரமா? நல்லா யோசிடி!" என்றாள் லியோட்டா. எங்களில் வாய் நீளம் அவளுக்குத்தான். "போன மாசம் நீதான் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டே. ஆயிரத்து நூறு!"

"குறைச்சுச் சொல்லாதே, வெர்லி!" என்று கத்தினோம் நாங்கள். நானும்தான் கத்தினேன். "அவனுங்களுக்குத் தெரியட்டும்! குறைச்சுச் சொல்லாதே!"

வெர்லி முதுகை நிமிர்த்திக்கொண்டாள். சபையில் ஜெபம் சொல்கிற குரலில் சொன்னாள்: "ஆயிரத்து நூறு."

"நன்றி," என்றது இயந்திரம். நாங்கள் கைதட்டினோம்.

அட்டை போன விஷயம் அவளுக்கு மருந்துக் கடையில் தெரிந்தது. இன்சுலின் பொட்டலத்தைக் கல்லாவரைக்கும் கொண்டு வந்த பெண், கணினியைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே எடுத்துப் போனாளாம். வெர்லி அட்டை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். காத்திருக்கச் சொல்லி இசை வாசித்து வாசித்து, கடைசியில் ஒரு மனிதக் குரல் வந்தது.

"அம்மா, ஒரு மாசத்துல ஆயிரத்து நூறு மணி நேரமே கிடையாது. பொய்த் தகவல் குடுத்ததா பதிவாகியிருக்கு."

மறுநாள் இதை அவள் சொன்னபோது லியோட்டாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. எனக்கும்தான். மேசை மேசையாகச் சிரிப்பு பரவியது. பிறகு வெர்லியின் முகத்தைப் பார்த்தோம். அவள் தலை குனிந்து உரித்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. அவள் வாய்தான் சொன்னது. ஆனால் அந்த எண்ணை அந்த வாயில் வைத்தவர்கள் நாங்கள்.

"இப்ப என்னதான் செய்யணுமாம்?" என்று கேட்டேன்.

"முதலாளிகிட்ட மணிக் கணக்கு வாங்கிட்டு வரணுமாம். மறுபடி விண்ணப்பிக்கணுமாம். அப்பவும் உடனே கிடைக்காதாம்."

எங்கள் கூலிச் சீட்டில் பவுண்டு மட்டும்தான் இருக்கும். மணி என்ற சொல்லே அதில் கிடையாது. நானும் லியோட்டாவும் வெர்லியோடு டட்லியின் அறைக்குப் போனோம். அவர் காலை மேசைமேல் நீட்டிக்கொண்டு உணவகக்காரர்களோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். தவக்காலம்; வெள்ளிக்கிழமைகளில் ஊரே இறைச்சியை விட்டுவிட்டுக் கிராஃபிஷ் தின்னும். பெரிய வெள்ளி நெருங்க நெருங்க அவர் முகம் பளபளத்துக்கொண்டே வரும்.

"மணியா?" என்றார். "நான் என்ன கடிகாரக் கடையா வெச்சிருக்கேன்?"

"ஒரு காகிதத்துல ரெண்டு வரி எழுதிக் குடுத்தாப் போதும், மிஸ்டர் டட்லி," என்றாள் வெர்லி. "இத்தனை மணி நேரம் இங்க வேலை செய்யறான்னு."

"நீ எப்ப வர்றே, எப்பப் போறேன்னு நான் பார்க்கறதே இல்லையே, ஷா. உன்கிட்ட நான் நேரத்தையா வாங்கறேன்? சதை வாங்கறேன்."

"அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தா மட்டும் கண்ணுல படுதே," என்றாள் லியோட்டா.

டட்லி காலைக் கீழே இறக்கினார். "இதோ பாரு. வெர்லியோட அம்மா எங்கப்பாகிட்ட உரிச்சவ. இதே மேசை. அவ என்னிக்காவது மணி கேட்டாளா?"

"கேட்கலைதான்," என்றாள் வெர்லி. "என் வயசுக்கு வர்றதுக்குள்ளயே அவ போய்ச் சேர்ந்துட்டா."

டட்லி போனை எடுத்தார். "பெரிய வெள்ளி முடியட்டும். பார்க்கலாம்."

வெளியே வந்ததும் லியோட்டா காறித் துப்பினாள். "அந்தாளு எழுத மாட்டான். மணின்னு எழுதிட்டா, மணிக்கு இவ்வளவுன்னு சட்டக் கூலி குடுத்தாகணும். ஐம்பதுக்காரிக்கே அது எட்டலை. முப்பதுக்காரியெல்லாம் சும்மா உழைச்சுக் கொட்டறா. அது வெளிய வந்தா அவன் கதை கந்தல்."

வெர்லி மிச்சமிருந்த இன்சுலினைப் பாதி பாதியாகப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். எங்களிடம் சொல்லவில்லை, தண்ணீர்க் குழாய்க்கு அவள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தே தெரிந்தது. இடையில் ஓட்டு முள் ஒன்று அவள் வலது கட்டைவிரலில் ஏறியது. எங்கள் எல்லோருக்கும் ஏறுவதுதான், இரண்டு நாளில் ஆறிவிடும். சர்க்கரைக்காரிக்கு ஆறவில்லை. ஒரு கையுறைக்குப் பதில் இரண்டு போட்டாள்.

ஒரு நாள் கழுவும் இடத்தில் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். கையுறையை உருவினதும் வாடை குப்பென்று அடித்தது. விரல் கருநீலமாக ஊதியிருந்தது. மணிக்கட்டை நோக்கிச் சிவப்புக் கோடு ஒன்று ஏறிக்கொண்டிருந்தது.

"பைத்தியக்காரி! ஆஸ்பத்திரிக்கு நட!"

"எதைக் காட்டிப் போறது, யூனா?"

"அவசரம்னு போனா வெளிய தள்ள முடியாதுடி."

"தள்ள மாட்டாங்க. அப்புறம் பில் வரும். என் வீட்டுக்காரனுக்கு வந்த பில்லுல வீடே போச்சு. இப்ப இருக்கறது அந்த டிரெய்லர் வண்டி ஒண்ணுதான். அதையும் குடுத்துட்டு நான் எங்க படுக்கறது?" கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். வலியில் உதட்டைக் கடித்தாள். "பெரிய வெள்ளி வரைக்கும் இந்தக் கை தாங்கினாப் போதும். இது போச்சுன்னா நான் ஐம்பதும் இல்லை, முப்பதும் இல்லை. பூஜ்யம்தான்."

என் அட்டையின் முறை அடுத்த மாதம். எனக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட ஆத்திரமாக இருந்தது. யாரைப் பிடித்து உலுக்குவது என்றுதான் தெரியவில்லை.

குருத்தோலை ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை, வெர்லி பாதிச் சட்டியோடு மேசைமேல் சரிந்தாள். சூடான ஓட்டுக் குவியலில் முகம் பதிந்தது. நான் தூக்கிப் பிடித்தேன். உடம்பு அனலாகக் கொதித்தது. மூச்சில் அழுகிய பழ வாடை.

டட்லி ஓடி வந்தார். "முடியாதவ ஏன் வேலைக்கு வந்தா? என் மேல பழி போடவா?" சுற்றும் முற்றும் பார்த்தார். "வழியை விடுங்க. மத்தவங்க உரிங்க, ஆறிடும். கார்லீன், அந்தச் சட்டியை எடை போட்டு அவ பேர்ல எழுதிடு. நாளைக்கு நான் ஏமாத்திட்டேன்னு சொல்லக் கூடாது."

கார்லீன் எடை போட்டாள். எழுதியதும் நோட்டை மூடிக்கொண்டாள். லியோட்டாவும் நானும் வெர்லியை லியோட்டாவின் வண்டியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விரலை எடுத்தாக வேண்டும், கை பிழைக்குமா என்பது பிறகுதான் தெரியும் என்று மருத்துவர் சொன்னார். வெர்லி கண்ணைத் திறந்து, "எந்தக் கை?" என்று கேட்டாள். வலது என்றதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரும்பும் வழியில், ஊர் எல்லையில் லியோட்டா வண்டியை ஓரங்கட்டினாள்.

"எடை போடச் சொன்னான் பாத்தியா, யூனா? அவ விழுந்து கெடக்கா. எடை போடச் சொல்றான்."

"பார்த்தேன்."

"நாமளும் அதைத்தானே செஞ்சோம்? அவ எவ்வளவு உரிச்சான்னுதானே கத்தினோம். எவ்வளவு நேரம் நின்னான்னு ஒருத்தியாவது சொன்னோமா?"

வண்டி நின்ற இடத்திலேயே இருவரும் அழுதோம். அழுது முடித்துவிட்டு வீடு வீடாகப் போனோம். சிலர் கதவைத் திறந்ததுமே சரி என்றார்கள். சிலர் வேலை போய்விடும் என்றார்கள். போகத்தான் செய்யும் என்றோம்.

மறுநாள் விடியலில் எல்லோரும் வந்தார்கள். வழக்கம்போல் உரித்தோம். வெர்லியின் இடத்தில் அவள் சட்டி இருந்தது. வாசலில் உணவகங்களின் குளிர்லாரி வந்து உறுமியபடி நின்றது. வாரத்திலேயே பெரிய சுமை அன்றைக்குத்தான்.

முதலில் லியோட்டா தராசுக்குப் போனாள். சட்டியைத் தராசில் வைக்காமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

"எவ்வளவு?" என்றாள் கார்லீன், நிமிராமல்.

"ரெண்டு மணி நேரம்."

பேனா நின்றது. "எடை சொல்லு, லியோட்டா."

"அதான் சொன்னேனே. ரெண்டு மணி நேரம். எழுதிக்கோ."

அடுத்து நான். "எவ்வளவு?" என்று கார்லீன் கேட்டபோது அவள் குரல் தேய்ந்திருந்தது. "ரெண்டு மணி நேரம்," என்றேன். எனக்குப் பின்னால் நின்றவளும் அதையே சொன்னாள். முந்தின நாள் கதவைப் பாதி திறந்து, வேலை போய்விடும் என்று பயந்தவளும் சொன்னாள். வரிசை கொட்டகையின் கோடிவரை நீண்டது. தராசு காலியாகவே இருந்தது.

டட்லி வந்தார். முகம் வெந்த கிராஃபிஷ் நிறத்துக்கு மாறியிருந்தது. "என்னங்கடி கூத்து இது? லாரி நிக்குது!"

"நிக்கட்டும்," என்றாள் லியோட்டா. "எங்க மணியை எழுதிக் குடுங்க. வெர்லியோட மணியை முதல்ல எழுதுங்க. சதையை எடுத்துக்குங்க."

"எல்லாரையும் அனுப்பிடுவேன்! நாளைக்கே வேற ஆளுங்க வருவாங்க!"

"வருவாங்க. இன்னிக்கு யாரு உரிப்பா, மிஸ்டர் டட்லி? நீங்களா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டட்லி கார்லீனைப் பார்த்தார். "நீ எடை போடு!" கார்லீன் நோட்டைப் பார்த்தபடி இருந்தாள். எழுதவுமில்லை, எழுந்திருக்கவுமில்லை.

அப்போது என் ஏப்ரன் பையில் போன் அடித்தது. ஆஸ்பத்திரி எண். கையுறையைப் பல்லால் கடித்து உருவிவிட்டு எடுத்தேன். சத்தமாக வைத்தேன்.

"யூனா?" வெர்லியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "விரலை எடுத்துட்டாங்க. கையை இன்னும் பாத்துக்கிட்டிருக்காங்க." மூச்சு வாங்கினாள். அப்புறம் பழக்கத்தில் கேட்டாள்: "இன்னிக்கு எவ்வளவு, ஷா?"

நான் வரிசையைப் பார்த்தேன். சட்டிகள் இடுப்பில் இருந்தன. "ரெண்டு மணி நேரம், வெர்லி. எல்லாரும் ரெண்டு மணி நேரம்தான். தராசுல ஒண்ணும் வைக்கலை."

மறுமுனையில் ஏதோ கருவி விட்டு விட்டு ஒலித்தது. பிறகு அவள் பேசினாள். ஈனக் குரல்தான், ஆனால் டட்லி உட்பட அத்தனை பேருக்கும் கேட்டது.

"குறைச்சுச் சொல்லாதீங்கடி."