ரிசீவரின் சின்ன ஓட்டைகள்

பப்பா போனுக்குள் குடியிருக்கவில்லை என்பது ஏலோதிக்குத் தெரியும். நாலு வயது முடிந்துவிட்டது, அவள் ஒன்றும் கைக்குழந்தை இல்லை. பப்பா பிரான்சில், தூலோன் என்கிற ஊரில், ராணுவத்தில் இருந்தார். ரிசீவரில் இருந்த சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக அங்கிருந்தபடியே புதுச்சேரி வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால்தான், "சாப்டியா ஷெரி?" என்று பிரெஞ்சில் செல்லம் கொஞ்சி அவர் கேட்டால் அவள் வெறுமனே தலையை ஆட்டுவாள்.

"வாயத் தொறந்து பேசுடி," என்பாள் அம்மா வலேரி.

எதற்குப் பேச வேண்டும்? அதுதான் பார்க்கிறாரே. வரைந்த யானையை ஓட்டைகளுக்கு நேராகப் பிடித்துக் காட்டுவாள். "அடேயப்பா, பிரமாதம்!" என்பார் பப்பா.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழா. அம்மா அவளுக்குப் புதுக் கவுன் தைத்துப் போட்டுவிட்டிருந்தாள். சாயங்காலம் போன் வந்ததும் ஏலோதி ரிசீவரைப் பிடித்தபடி ஒரு சுற்றுச் சுற்றினாள். வயர் இடுப்பைச் சுற்றிக்கொண்டது.

"கவுன் பாத்தியா பப்பா?"

"பாத்தேனே! ரோஸ் கலர்ல தேவதை மாதிரி இருக்கியே!"

ஏலோதி குனிந்து பார்த்தாள். கவுன் மஞ்சளாக இருந்தது. மறுபடியும் பார்த்தாள். மஞ்சள்தான்.

ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். கடற்காற்றில் ஜன்னல் திரை உப்பி உப்பி அடங்கியது. கடல் தாண்டிப் போகும்போது மஞ்சள் நனைந்து ரோஸாகியிருக்குமோ? தூலோனில் மஞ்சளுக்குப் பேரே ரோஸோ? நினைக்க நினைக்க அறை மெல்ல மிதந்து எங்கோ போவது போலிருந்தது.

அம்மா அடுப்படிக்குப் போனதும் அவள் எழுந்து வந்து ரிசீவரைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். இருட்டு. கொர்ரென்று ஒரு சத்தம். பப்பாவின் கட்டில் இல்லை, தொப்பி இல்லை, எதுவுமே இல்லை.

அப்படியென்றால் அவருக்கும் இருட்டுதான். பாவம், இத்தனை நாளும் இருட்டைப் பார்த்துக்கொண்டா பேசினார்?

"மம்மா, பப்பாவுக்கு நாம தெரிய மாட்டோமா?"

வலேரி கரண்டியோடு நின்றுவிட்டாள். "தெரியாதுடா கண்ணு. காதுல கேக்கும், அவ்ளோதான்."

"அப்ப ஏன் பாத்தேன்னு சொன்னாரு?"

"நீ சந்தோஷப்படுவன்னு."

இல்லாததையும் ஒருவர் சொல்லலாம் என்பது ஏலோதிக்குப் புதிதாக இருந்தது. பழக்கமான வீட்டில் இதுவரை கண்ணில் படாத கதவு ஒன்று திறந்த மாதிரி. அன்று தூங்கும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் தலையாட்டவில்லை. "பப்பா, உனக்குத் தெரியாதுல்ல, நானே சொல்றேன். கவுன் மஞ்சள். கையில லேஸ் இருக்கு. மம்மா ஈரத்தலையோட நிக்கறாங்க."

அந்தப் பக்கம் பப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "பால் குடிச்சியா ஷெரி?" என்றார்.

மேசைமேல் பால் ஆடை படிந்து அப்படியே இருந்தது. ஏலோதி டம்ளரைப் பார்த்தாள். ஓட்டைகளைப் பார்த்தாள்.

"குடிச்சிட்டேன் பப்பா."

வலேரிக்குத் திக்கென்றது. அடுத்த கணமே சிரிப்பு பீறிட்டது. கண்டிக்க வேண்டும் என்றுதான் வாயெடுத்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. தனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை முதன்முதலாக உள்ளே வைத்துக்கொண்ட முகம் அது. டம்ளரைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"இப்ப நீ சொல்லு பப்பா," என்றாள் ஏலோதி. "அங்க என்னா இருக்கு?"

"இங்கயா? ஒரு ஜன்னல் இருக்கு. வெளிய துறைமுகம். பெரிய சாம்பல் கலர் கப்பல். கொடியில என் சட்டை காயுது..."

ஏலோதி கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"மெதுவா சொல்லு பப்பா. கப்பல் இன்னும் வரல."