ஒரு முழச் சுவர்

"இன்னும் ஒரு சாண் தள்ளு," என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தான் மகளின் கணவன். குடிலுக்குள் அப்பாவின் தோள்களைப் பிடித்திருந்த மகள் தள்ளித்தான் பார்த்தாள். வாசலின் வளைவில் கால் இடித்ததும் அப்பா நின்றுவிட்டார்.

முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக ஏறி இறங்கியவர். ஓய்வு பெற்றதும் இந்தக் காட்டுக்கு வந்து மரக்கட்டை, மண், காய்ந்த புல் இவற்றை மட்டும் வைத்துப் பதினோரு வருஷமாகக் கட்டிய குடில் இது. குளிர்காற்று நுழையக் கூடாதென்று வாசலை வளைந்த சுரங்கமாக அமைத்திருந்தார். தவழ்ந்து வருகிறவருக்கு அளவெடுத்தாரே தவிர, தூக்கி வரப்படுகிறவரை யோசிக்கவில்லை. நேற்றுக் காலை தூக்கத்திலேயே போயிருக்க வேண்டும் என்றாள் கூட வந்திருந்த நர்ஸ். உடம்பு விறைத்துக் கிடந்தது.

"கொஞ்சம் வளைச்சுப் பாக்கலாமா?" என்றான் கணவன்.

"உயிரோட இருந்தப்பவே வளைஞ்சு குடுக்காத மனுஷன்," என்றாள் வெளியே மரத்துண்டின் மேல் உட்கார்ந்திருந்த அம்மா. ஒரு காற்றடித்தால் பறந்துவிடும், அந்தப் பொந்துக்குள் கால் வைக்க மாட்டேன் என்று தான் குடியிருந்த அடுக்குமாடி முழுக்கச் சொல்லி வைத்திருந்தவள், இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட உள்ளே போனதில்லை.

மகள் அப்பாவைத் திரும்பக் கிடத்திவிட்டு வெளியே வந்தாள்.

"சுவத்த உடைச்சிடலாம் அத்தை. வெறும் மண்ணு. பத்து நிமிஷ வேலை." கணவன் கட்டட கான்ட்ராக்டர்.

"உடைங்க மாப்ளே."

கணவன் வண்டியிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்தான். அப்பா தனக்கென்று செய்துகொண்டது இது ஒன்றுதான். உடையாமல் இருக்க வேண்டுமே என்று நினைத்தாள் மகள். அவரை உள்ளே வைத்துக்கொண்டு இப்படி நினைக்கிறோமே என்றும் இருந்தது.

பத்து நிமிஷம் ஒரு மணி நேரமாயிற்று. ஒரு முழக் கனச் சுவர் உடையவில்லை, கான்ட்ராக்டரின் உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம்.

"எத வச்சுக் கட்டினாரு மாமா?"

"வெறும் மண்ணு. நீங்கதான சொன்னீங்க," என்றாள் அம்மா. அந்தக் குரலில் இருந்தது பெருமைதான். மகளுக்குச் சந்தேகமே இல்லை.

"சாயங்காலத்துக்குள்ள உடம்பு தளர்ந்துடும். காத்திருக்கலாமே," என்றாள் நர்ஸ். ஒரு மணி நேரமாக அவளை யாரும் கேட்கவில்லை.

அம்மா எழுந்தாள். "கடப்பாரையக் கீழ வைங்க." முழங்காலை ஊன்றி, "இதுக்குப் பேரு வாசலாம்," என்று திட்டிக்கொண்டே சுரங்கத்துக்குள் புகுந்தாள்.  உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "ஒரு தடவ கூட்டிட்டு வந்து காட்டியிருக்கக் கூடாதா?"

அப்பா ஆயிரம் தடவை கூப்பிட்டிருந்தார். 

சாயங்காலம் லேசாகத் தள்ளியதும் சொன்ன பேச்சைக் கேட்பவர்போல வளைவில் திரும்பி வந்தார் அப்பா. வண்டியில் ஏற்றியாயிற்று. அம்மாவைத்தான் காணோம்.

குடிலின் பின்பக்கம், கடப்பாரை கொத்திய இடத்தில் குந்தி உட்கார்ந்து ஈரமண்ணை அப்பிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை சேறு.

"வண்டி நிக்குதும்மா."

"ரெண்டு விரல் ஆழத்துக்குப் பேந்திருக்கு. இப்படியே விட்டா மழைத்தண்ணி எறங்கும்," என்றாள் அம்மா, திரும்பாமல். "அந்தப் புல்ல எடு."

மகள் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தாள்.