நீக்கவேண்டிய வரிகள்

பெரிய நிறுவனமொன்றின் கணினி இயங்குதளம் அது. அதன் மூலநிரலை யாரும் எடுக்கலாம். பெயரும் சின்னமும் மட்டும் நிறுவனத்துக்கே உரியவை. றஜிந்தனும் பல நாடுகளிலிருந்த நண்பர்களும் அந்த நிரலை எடுத்து, பெயரைக் களைந்து, வேறு பெயரில் திரும்பக் கட்டி, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவந்தார்கள். களையும் வேலை றஜிந்தனுடையது. புலம்பெயர்ந்து வாழும் வில்லரேயில், மூன்றாம் மாடி வீட்டின் சமையலறை மேசையில் அதைச் செய்வான்.

நவம்பரில் நிறுவனத்தின் வழக்கறிஞர் கடிதம் அனுப்பினார். தங்கள் பெயர் இன்னும் பல இடங்களில் கிடக்கிறது. திங்கட்கிழமைக்குள் நீக்காவிட்டால் நண்பர்களின் இணையத்தளத்தை மூடவேண்டிவரும்.

சனி காலை றஜிந்தன் ஒரு சின்ன நிரல் எழுதினான். நிறுவனத்தின் பெயர் உள்ள வரி எதுவானாலும் முழுதாக அழித்துவிடும். அதை ஓட்டித் திரும்பக் கட்டினான். சோதனைக் கணினி பாதியில் கறுத்துப்போய் நின்றது. மூன்று தரம் முயன்றும் அதே இடத்தில்.

இத்தனை வருடமும் வாசியாமலே களைந்தவன், முதன்முறையாக அந்த இடத்துக்குரிய மூலக் கோப்பைத் திறந்து வாசித்தான். ஒரு குறிப்பு இருந்தது. "பெயரை மாற்றிக் கட்டுபவர்களுக்கு: இந்த வரியை எடுக்காதீர்கள், கணினி தொடங்காது. பதிலாகக் கீழே உள்ளதைப் போடுங்கள்." பக்கத்தில் நிறுவனப் பெயரோடு கூடிய மின்னஞ்சல் முகவரியும் எழுதியவரின் பெயரும். பத்திநாதர்.

றஜிந்தனின் நிரல் முதலில் அழித்தது இந்தக் குறிப்பைத்தான்.

பத்திநாதர் றஜிந்தனின் கத்தோலிக்கக் கோயிற் பங்கைச் சேர்ந்தவர்; அந்த நிறுவனத்தில் வேலை செய்தவர். இரண்டு வருடத்துக்கு முன் கோயில் வாசலில், எல்லாருக்கும் முன்னால், "நீங்கள் கம்பனியின்ர ஆள். உங்களோட எனக்குக் கதையில்லை" என்று றஜிந்தன் சொன்னான். "சரி தம்பி, குளிருது, தொப்பியைப் போடும்" என்றுவிட்டு அவர் போனார். போன மாசியில் இறந்தார். பனியைச் சாட்டி றஜிந்தன் அடக்கத்துக்குப் போகவில்லை.

அடுத்த கோப்பிலும் அவர் இருந்தார். அதற்கடுத்ததிலும். அவன் நுழையும் ஒவ்வோர் அறையிலும் யாரோ முன்பே வந்து விளக்கைப் போட்டுவிட்டுப் போனதுபோலிருந்தது. கடைசியில் குறிப்புகளின் திகதியைப் பார்த்தான். கோயில் வாசலில் அப்படிச் சொன்ன அடுத்த கிழமை.

சமையலறையில் வேறு ஒருவருமில்லை. ஆனாலும் திரும்பிப் பார்த்தான்.

பத்திநாதரின் மனைவி யோசெப்பினுக்குத் தொலைபேசி எடுத்தான்.

"ஆர்?"

"றஜிந்தன், அக்கா."

"ஓ... கம்பனிக்காரரோட கதைக்காத றஜிந்தனோ?"

குறிப்புகளைக் கண்டது எல்லாவற்றையும் சொன்னான். அவர் சிரித்தார்.

"'அந்தப் பொடியன் வாசியாமல் வெட்டுவான், பேந்து உடைஞ்சுபோச்செண்டு முழிப்பான்' எண்டு சொல்லிப்போட்டு இருந்து எழுதினவர். அவருக்கு உம்மில கோவமில்லை."

"கம்பனிப் பேரை எடுத்துப்போட்டு அண்ணையின்ர பேரை மட்டும் விடட்டோ, அக்கா?"

"விடுமன். அவர் கம்பனியில பிறக்கேல்லைத்தானே."

குறிப்புகள் சொன்னபடி ஒவ்வொன்றாக மாற்றினான். கணினி, நண்பர்கள் வைத்த புதுப் பெயரைக் காட்டித் தொடங்கியது. ஆனால் நிறுவன மின்னஞ்சலோடு இன்னும் இருநூற்றுச் சொச்சம் பேரின் வரிகள் இருந்தன. அவர்கள் யாரென்று அவனுக்குத் தெரியாது. கடிதம் கேட்டது நிறுவனத்தின் பெயரைத்தான்; மனிதர்களின் பெயரை யாரும் கேட்கவில்லை. தன் நிரலை அழித்துவிட்டு, ஒவ்வொரு வரியிலும் நிறுவனப் பெயரை மட்டும் கையால் எடுக்கத் தொடங்கினான்.

பின்னேரம் மனைவி ஜென்சி மேலங்கியோடு வந்தாள். மரித்தோருக்கான பூசையில் வாசிக்கும் பெயர்ப் பட்டியல் அவள் கையில் இருந்தது.

"எங்கட ஆக்களை எழுதிட்டன். வேற ஆரும்?"

"பத்தியண்ணை."

கணவனை ஒருதரம் பார்த்தாள். எழுதினாள். "வெளிக்கிடுங்கோ, நேரமாச்சு."

"இன்னும் முப்பது பேர் இருக்கினம்."

திரையை எட்டிப் பார்த்த ஜென்சி, மேலங்கியோடேயே கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள்.

"நான் வாசிக்கிறன். நீங்கள் எடுங்கோ."

திரையிலிருந்த பெயர்களை வாசித்தாள். பழக்கத்தில், ஒவ்வொரு பெயருக்குப் பிறகும், கோயிலில் நிறுத்துவதுபோலக் கொஞ்சம் நிறுத்தினாள்.