மூக்கில் வளர்ந்த சதை

மனைவி இறந்த பிறகு அந்த பஸ் டிரைவர் அலமாரியைத் திறக்கவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனதைத் திடப்படுத்திக்கொண்டு திறந்தார். அவள் தையல் கம்பெனிக்குப் போட்டுப் போகும் நீல ஸ்வெட்டரை எடுத்து அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஒன்றுமே இல்லை. அவளுடைய வாசம் துளிகூட இல்லை.

"அம்மா வாசம் அப்படியே இருக்குப்பா" என்றாள் பக்கத்தில் நின்ற மகள்.

தன்னைத் தேற்றத்தான் சொல்கிறாள் என்று நினைத்தார். இவ்வளவு சீக்கிரம் மொத்தமாகப் போய்விட்டாளே என்று அவருக்கு ஆற்றாமையாக இருந்தது. "வெறும் துணிதாம்மா. யாருக்காவது உதவட்டும்" என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டி முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து மகள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சில மாதங்கள் கழித்து, டிப்போவில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படி வழுக்கிப் பின்மண்டையில் அடி. பெரிதாக வீங்கிவிட்டது. மகள்தான் பதறியடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள்.

"பயப்படாதீங்க, தலைக்குள்ள ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர்.

"என் சம்சாரம் கல்யாணம் ஆன புதுசுலயே சொல்லிட்டா டாக்டர்."

மகள் நெடுநாளைக்குப் பிறகு சிரித்தாள். டாக்டரும் சிரித்துக்கொண்டே படத்தில் மூக்கின் இரண்டு பக்கமும் வெள்ளையாக அடைத்திருந்த இடத்தைக் காட்டினார். "அடிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. தலையை ஸ்கேன் எடுக்கும்போது இதுவும் படத்துல விழுந்திருக்கு. மூக்குல சதை வளர்ந்து சைனஸெல்லாம் அடைச்சிருக்கு. ரொம்ப நாளா இருக்கும். உங்களுக்கு வாசனை தெரியுதா?"

"சளின்னு விட்டுட்டேன் டாக்டர். வயசானா அப்படித்தானேன்னு..."

பாதியில் நின்றுவிட்டார். மெல்ல மகள் பக்கம் திரும்பினார். அவளுக்கும் புரிந்துவிட்டது.

"அப்போ, அந்த ஸ்வெட்டர்ல..."

"இருந்துச்சுப்பா" என்றாள். "நீங்க வேணாம்னு தூக்கிப் போட்டுட்டீங்கன்னு நினைச்சேன்."

இல்லத்தில் விசாரித்தார்கள். வந்த அன்றே எல்லாத் துணியையும் துவைத்துத்தான் கொடுத்தோம் என்றார்கள்.

ஆபரேஷன் நடந்தது. வாசனைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முதலில் டீசல், பிறகு ஆஸ்பத்திரி பினாயில், ஒரு நாள் காலையில் அடுப்பில் பொங்கி வழிந்த பால். மகள் சந்தோஷப்பட்டாள். அவர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்.

"அம்மா வாசம் எப்படி இருக்கும்? சொல்லேம்மா."

அடுப்பை அணைத்துவிட்டு அவர் காலடியில் வந்து உட்கார்ந்தாள். "சோப்பு வாசம்... கொஞ்சம் மெஷின் எண்ணெய்... கழுத்துகிட்ட வேற மாதிரி இருக்கும்பா." கண்ணை மூடி யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள்.

"எனக்கே மறந்துகிட்டு வருதுப்பா" என்று அவர் மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.